வெயிலுகந்தாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

வெயிலுகந்தாளின் பரீட்சை முடியவில்லை என்பது அருப்புக்கோட்டைக்கு முதலில் தெரிந்தது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம். பந்தல்குடி சாலைத் தேர்வு மையத்திலிருந்து மற்ற எண்பத்தொன்பது பேரும் வெளியே வந்து, குவிந்து கிடந்த செருப்புகளில் தங்களுடையதைத் தேடிப் போட்டு, கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, எதிர்த்த கடையில் எலுமிச்சைச் சோறு தின்று, பஸ் ஏறிப் போன பிறகும், அவள் புருஷன் சங்கையா மட்டும் லோடு ஆட்டோவில் சாய்ந்து, அவளுடைய கம்மல் இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்துநாலு. பதினோரு வருஷம் நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள், தபால் வழியில் பட்டம் வாங்கியவள், வானிலை நிலையத்தில் பதிவாளர் வேலைக்கு அது அவளுக்கு மூன்றாவது தடவை. வயது வரம்பின்படி கடைசித் தடவையும் அதுதான். மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது, காற்று எந்தத் திசையில் அடித்தது என்று பார்த்து எழுதி அனுப்புகிற வேலை. அந்த வேலை அவளுக்கு எதற்கு என்று சங்கையா கேட்டதில்லை. ஃபாரம் வாங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் போவதென்றால் ஆட்டோவில் கூட்டிப்போவான், அவ்வளவுதான்.

அந்தப் பரீட்சை பழைய மாதிரிப் பரீட்சை இல்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. திரையில் ஒரு கேள்வி வரும். சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும், தப்பாகச் சொன்னால் கொஞ்சம் லேசாக வரும். இப்படி ஏற்றியும் இறக்கியும் கேட்டுக்கொண்டே போய், எழுதுகிறவரின் அளவு இதுதான் என்று மெஷினுக்கு எப்போது நிச்சயமாகிறதோ அப்போது ‘தேர்வு முடிந்தது’ என்று காட்டி நின்றுவிடும். சிலருக்கு இருபது கேள்வியில் நிச்சயமாகும், சிலருக்கு நாற்பதில். வெயிலுகந்தாள் விஷயத்தில் மெஷினுக்கு நிச்சயம் வரவில்லை.

முதல் நாள் அறுபது கேள்வி வந்தது. அதற்கப்புறம் நாளுக்கு ஒன்று. சாயங்காலம் நாலு மணிவாக்கில் அவள் விரல் மெதுவாக மௌசை அழுத்தும், திரை மாறும், அடுத்த கேள்வியை வாசிக்க ஆரம்பிப்பாள், மறுநாள் நாலு மணிவரை வாசித்து யோசிப்பாள். டாக்டர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, மூச்சு சீராக இருக்கிறது, முகத்தில் களைப்பே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பசிக்கவில்லை, நகம் வளரவில்லை, நெற்றிப்பொட்டு அழியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது இன்னும் அதே செவ்வாய்க்கிழமை முற்பகல்தான் என்று ஊர் ஒரு வாரத்தில் புரிந்துகொண்டது. புரிந்துகொண்டபின் அதைப் பற்றி ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, செய்யவேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன.

மின்சார வாரியத்தில் பேசி அந்தத் தெருவுக்கு மட்டும் கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண ஊர்வலங்கள் அந்த இடம் வந்ததும் மேளத்தை நிறுத்தி, சத்தமில்லாமல் கடந்து, திருப்பத்துக்கு அப்பால் போய் மறுபடி கொட்டின. மில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, அவள் உதட்டைக் கடிக்கிறாளா, புருவம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, “இன்னைக்குக் கேள்வி கஷ்டம் போல” என்று பேசிக்கொண்டு போனார்கள். வேறு பரீட்சை எழுத வந்தவர்கள் அவளுக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்காதா என்று ஏங்கினார்கள். மேற்பார்வையாளர் முனீஸ்வரி, பரீட்சை நடக்கும்போது அறையை விட்டு நகரக்கூடாது என்ற விதிப்படி, தன் தங்கையையும் வேலைக்குச் சேர்த்து, ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தாள். யாரோ வாசலில் சூடம் கொளுத்த வந்தபோது சங்கையா தட்டைப் பிடித்து நிறுத்தினான்.

“அவ பரீட்சை எழுதிக்கிட்டிருக்கா. சாமியில்ல. போங்க அங்கிட்டு.”

அவன் காலையில் ஒரு லோடு, மத்தியானம் ஒரு லோடு அடித்துவிட்டு நாலு மணிக்குக் கண்ணாடி முன்னால் வந்து நிற்பான். அவள் விரல் அழுந்துவதைப் பார்த்துவிட்டுப் போவான். அவளிடம் பேசக்கூடாது, பேசினால் தேர்வு செல்லாது.

இப்படி மூன்று வருஷம் போனது. மூன்று வருஷத்தில் மெஷினின் கேள்வி வங்கியில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. சென்னையிலிருந்து தேர்வு அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து, சங்கையாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். கேள்விகள் இல்லாததால் தேர்வை ரத்து செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால், அடுத்த நிமிஷம் மனைவி எழுந்து வெளியே வந்துவிடுவார். மதிப்பெண் மட்டும் இருக்காது. மறுபடி எழுத வயதும் இருக்காது.

சங்கையா பேனாவை வாங்கினான். சுற்றி நின்றவர்கள் போடு போடு என்றார்கள். அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அவள் கொஞ்சம் முன்னால் குனிந்து, ஒரு கையைத் தாடையில் வைத்து, காலிலிருந்த மெட்டியை மற்றக் காலால் தேய்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அவளா எந்திரிக்கலையே சார்” என்றான். “எழுதிக்கிட்டிருக்கிறவள நான் எப்படி எந்திரின்னு சொல்ல? கேள்விக்கு ஏற்பாடு பண்ணுங்க.”

ரத்து செய்யவும் முடியாமல், நிறுத்தவும் விதியில்லாமல், அலுவலகம் ஹெப்சிபாவுக்குப் போன் செய்தது.

ஹெப்சிபா பாளையங்கோட்டையில் இருந்தாள். ஐம்பத்தாறு வயது, கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து விருப்ப ஓய்வு பெற்றவள், தனியாக இருப்பவள். அந்தக் கேள்வி வங்கியை உருவாக்கியதே அவள்தான். ஒவ்வொரு கேள்வியையும் நூற்றுக்கணக்கான பேருக்குக் கொடுத்துப் பார்த்து, எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று கணக்கெடுத்து, அதற்கு ஒரு எடை போட்டு வைப்பாள். சரியான விடையை எழுதுவது சுலபம் என்பாள். தப்பான விடை மூன்றையும் எழுதுவதுதான் வேலை. ஒரு மனுஷி முழுமனசோடு நம்பித் தேர்ந்தெடுக்கக்கூடிய தப்பாக அது இருக்கவேண்டும். அப்படித் தப்புகளை எழுதி எழுதி, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் என்ன நினைப்பார்கள் என்று நினைத்து நினைத்துத் தன் பிராயத்தைக் கழித்தவள் அவள்.

பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்ற சங்கையாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“நீங்கதான் கேள்வி எழுதுற டீச்சரா?”

“ஆமா.”

“லேசாக் கேளுங்க டீச்சர்.”

“லேசாக் கேட்டா தப்பா எழுதுறாங்க. கஷ்டமாக் கேட்டா சரியா எழுதுறாங்க. மெஷினுக்குப் பிடி கிடைக்கல. நானும் ஆளத் தெரியாமலே எழுதிட்டேன். அவங்களப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்.”

சங்கையா யோசித்தான். “நல்லா குழம்பு வைப்பா” என்றான். பிறகு, “கோவம் வந்தா பேசமாட்டா” என்றான்.

“எதுக்குக் கோவம் வரும்?”

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், பிறகு மூன்று வருஷம் கண்ணாடிக்கு வெளியே நின்றும், அந்தக் கேள்விக்கு விடை தனக்குத் தெரியாது என்பது அந்த நாலு மணிக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அவன் விசாரிக்க ஆரம்பித்தான். மில் பெண்களிடம் கேட்டான், அவள் அக்காவைத் தேடி விளாத்திகுளம் போனான், தபால் வழியில் படித்த நோட்டுகளின் ஓரங்களைத் திருப்பிப் பார்த்தான். ஊரும் அவனோடு சேர்ந்துகொண்டது. மளிகைக் கடையில் துவரம்பருப்பு வாங்க வருகிறவர்கள், “சங்கையாகிட்டச் சொல்லுங்க, உகந்தாளுக்கு பஸ்ல ஜன்னலோரந்தான் பிடிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவள் மதுரையிலிருந்து கடிதம் போட்டாள்: அவள் படம் வரைவாள், மேகம் மட்டும் வரைவாள். கண்டக்டர் ஒருவர் ஆட்டோவை நிறுத்தி, அவள் ஒருநாள் காரணமில்லாமல் அழுதுகொண்டே வந்ததைச் சொன்னார். சனிக்கிழமை சனிக்கிழமை ஹெப்சிபா வந்து இவற்றையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு போய், அவற்றிலிருந்து கேள்வி செய்தாள். கணக்கும் பௌதீகமும் அதேதான், ஆனால் கோன் சுற்றும் வேகமும், ஜன்னலோரத்துக் காற்றும், மேகத்தின் உயரமும் அதில் இருந்தன.

பதில் வரும் நேரத்துக்கு ஹெப்சிபா பாளையங்கோட்டையில் முகம் கழுவி, தலை சீவி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். நாலு மணிக்கு ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத் தான் அன்று காலையிலிருந்தே காத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

ஐந்தாம் வருஷம் ஆவணியில் அவள் ஒரு லேசான கேள்வி எழுதினாள். ஒரு வீட்டில் இரண்டு பேர். ஒருவர் காலை ஆறு மணிக்கு வெளியே போய் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறார். மற்றவர் ஏழு மணிக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புகிறார். ஒரு நாளில் இருவரும் சேர்ந்து இருக்கும் நேரம் எவ்வளவு? ஒன்பது மணி நேரம் என்பது விடை. பத்து, பதினொன்று என்று இரண்டு தப்புகளை எழுதிவிட்டு, மூன்றாவது தப்பு கிடைக்காமல், யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியத்தில் நாலாவது விடையாக ‘சேர்ந்து இருக்கும் நேரமே இல்லை’ என்று எழுதினாள்.

வெயிலுகந்தாள் நாலாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

விடையை வெளியே சொல்லக்கூடாது என்பது ஹெப்சிபா தன் வாழ்நாளில் மீறாத விதி. அந்தச் சனிக்கிழமை மீறினாள். ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து சொன்னாள். சங்கையா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி ஓடவில்லை.

“ஆறு மணிக்குப் போறது நாந்தான்” என்றான். “வந்து சாப்ட்டுப் படுத்துருவேன். அவ ஏதாவது சொல்ல வருவா. காலையில சொல்லும்பேன். காலையில நான் போயிருவேன்.”

சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“இன்னும் எத்தன நாளாகும் டீச்சர்?”

“தெரியல. ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு இது முடியவேண்டாம்னு சில நாள் தோணுது. அந்த நாலு மணிச் சத்தம் இல்லாம நான் என்ன செய்வேன்னு இருக்கு.”

அவன் கோபப்படவில்லை. “எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கு” என்றான். “அவ வெளிய வந்துட்டா என்ன பேசுறதுன்னு பயமா இருக்கு.”

ஏழாம் வருஷம் மார்கழியில் சங்கையா தயங்கித் தயங்கிக் கேட்டான்: “டீச்சர், நான் ஒரு கேள்வி குடுத்தா போடுவீங்களா?”

“என்ன கேள்வி?”

“இந்த வேல ஒனக்கு எதுக்குன்னு கேக்கணும்.”

“சரியான விடை எது?”

“தெரியாது. தெரியாததாலதான கேக்குறேன்.”

விடை தெரியாத கேள்வியை வங்கியில் வைக்க முடியாது என்று ஹெப்சிபா பொறுமையாக விளக்கினாள். விளக்கிக்கொண்டிருக்கும்போதே முப்பது வருஷமாகத் தான் கேட்ட அத்தனை கேள்விகளும் தனக்கு விடை தெரிந்த கேள்விகள்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அவளையும் யாரும் கேட்டதில்லை. கல்யாணம் கூடிவராமல் போனபோது ஏன் என்று கூட ஒருவரும் கேட்கவில்லை.

அவள் மூன்று நாள் அங்கேயே தங்க, இரண்டு பேருமாக நாலு விடைகளை எழுதினார்கள். மில்லை விட்டு வெளியேற. அரசாங்க வேலை என்பதால். வானம் பார்க்கப் பிடிக்கும் என்பதால். நாலாவது, ‘என் புருஷனை விட்டுத் தூரமாகப் போக’. அதைச் சங்கையாதான் சொன்னான். ஹெப்சிபா எழுதத் தயங்கியபோது, “போடுங்க டீச்சர், அதுவும் இருக்கலாம்ல” என்றான். சரியான விடையைக் குறிக்காமல் மெஷின் வாங்காது என்பதால், நாலையும் சரி என்று குறித்தாள்.

வெயிலுகந்தாள் அந்தக் கேள்வியைத் தை முழுக்க வாசித்தாள், மாசி முழுக்க வாசித்தாள். நாலு மணி வந்துபோனது, விரல் அழுந்தவில்லை. பங்குனியில் ஊரே கண்ணாடி முன்னால் வந்து நின்றது, பூக்காரிகள் கட்டிக்கொண்டிருந்த பூவோடு வந்து நின்றார்கள், மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் தலையில் பஞ்சோடு வந்து நின்றார்கள். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் கையைத் தூக்கினாள்.

முனீஸ்வரி பதறி ஓடினாள். “என்னம்மா?”

“மேடம், இந்தக் கேள்வியில சரியான விடை இல்ல.”

கேள்வியில் பிழை இருப்பதாகச் சொன்னால், அதை எழுத்தில் வாங்கவேண்டும் என்பது விதி. முனீஸ்வரி ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தாள். வெயிலுகந்தாள் எழுதினாள், மடித்துக் கொடுத்தாள், எதையும் தேர்ந்தெடுக்காமல் அடுத்து என்பதை அழுத்தினாள். ‘தேர்வு முடிந்தது’ என்றது திரை.

வெளியே வந்தவளுக்குக் கூட்டத்தைப் பார்த்துக் கூச்சமாக இருந்தது. யாருக்காகவோ கூடியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நடந்து சங்கையாவிடம் வந்தாள்.

“ரொம்ப நேரம் ஆயிருச்சோ? சாப்டீங்களா?”

“இல்ல” என்றான்.

“தலையில என்ன, பஞ்சா?” என்று கையை நீட்டித் தட்டிவிட்டாள். போகவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். பிறகு அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே இருந்த கோடுகளைப் பார்த்தாள், நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தோளிலேயே வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் நின்ற நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தோம்.

ஆட்டோவில் ஏறியபின், “அந்தக் கடைசிக் கேள்விய யாரு எழுதினது?” என்று கேட்டாள். “ஒங்க பேச்சு மாதிரியே இருந்துச்சு.”

“நாந்தான் எழுதச் சொன்னேன்” என்றான் அவன். “இப்ப நேராக் கேக்குறேன். சொல்லு.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வண்டி கிளம்பிவிட்டதால் எங்களுக்குக் கேட்கவில்லை.

பிழை சொன்ன தாள், விதிப்படி, கேள்வியை எழுதியவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஹெப்சிபா அதைப் பிரித்து வாசித்தாள். ‘பதினோரு வருஷம் மில்லுக்குள் இருந்தேன். அங்கே ஜன்னல் கிடையாது. மெஷின் சத்தத்தில் மழைச் சத்தம் கேட்காது. வெளியே வந்து பார்த்தால் தரை ஈரமாக இருக்கும். மழை பெய்திருக்கிறது என்று தெரியும், பெய்ததைப் பார்த்ததில்லை. மழை வந்தால் எழுந்து வெளியே போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதுதான். கொடுத்திருக்கும் நாலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான், ஆனால் விடை இல்லை.’

ஹெப்சிபா அதைப் பலமுறை வாசித்தாள். இப்படி ஒரு கேள்வி வங்கிக்குள் எப்படி வந்தது என்று அலுவலகம் கேட்டபோது, நான்தான் வைத்தேன் என்று பதில் எழுதினாள். கேள்வி எழுதுகிற வேலை போனது. நாலு மணிக்கு முகம் கழுவித் தலை சீவும் பழக்கம் மட்டும் போகவில்லை. சீவி முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பி, தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் என்னென்னவோ கேட்டு, நின்று, பதிலைக் கேட்டுவிட்டு வந்தாள்.

ஊர் போட்ட வழக்கில், முடியாத பரீட்சைக்காக ஓர் இடத்தைக் காலியாக வைக்கச் சொல்லி நீதிமன்றம் முன்பே உத்தரவிட்டிருந்ததாலும், மதிப்பெண் தேறியதாலும், வெயிலுகந்தாளுக்கு வேலை கிடைத்தது. கடலோரத்தில் ஒரு சின்ன நிலையம். சங்கையாவும் லோடு ஆட்டோவோடு அங்கேயே போய்விட்டான். ஐந்து மணிக்கு மேல் லோடு எடுப்பதில்லை.

போன வருஷம் முனீஸ்வரி அங்கே போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து சொன்னாள். வெயிலுகந்தாளுக்கு வேலையில் குறையில்லையாம். ஆனால் சங்கையா அவளைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக இருக்கிறான், எந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் மனசு எங்கே போகும் என்று முன்னாலேயே தெரிந்து தலையாட்டுகிறான். அவளுக்கோ, ஏழு வருஷம் வெளியே நின்ற அந்த ஆளைத் தெரியவே தெரியாது. அவனை ஒரு தடவையாவது பார்த்திருக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு தாபம் வந்துவிட்டது. அதனால் சாயங்காலம் காற்றுக்கருவியைப் பார்த்து எழுதி முடித்ததும், அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஏழு வருஷத்தையும் முதல் நாளிலிருந்து வரிசையாகக் கேட்கிறாள். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு நாள். ஒன்றையும் தாண்ட விடுவதில்லை.

முனீஸ்வரி போயிருந்த அன்று இரண்டாம் வருஷத்து ஐப்பசி நடந்துகொண்டிருந்தது.

“அடுத்த நாளு?” என்று கேட்டாள் வெயிலுகந்தாள்.

சங்கையா யோசித்துப் பார்த்தான். “அன்னைக்கு ஒண்ணும் நடக்கலத்தா” என்றான். “லோடு கூட இல்ல. சும்மா ஒன்னயப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவள் காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

“அதச் சொல்லுங்க” என்றாள்.